அழுகிற சனத்துக்கு நடுவில் விளையாடலாமா?

வாசகர் கடிதம் (சுருக்கியது)

ஆலோசகர் அம்மாவுக்கு வணக்கம். நான் பட்டர்வொர்த்தில் இருக்கிறேன், வயது 36. அடையாள அட்டையும் பிறப்புப் பத்திரமும் இல்லாத குடும்பங்களுக்கு உதவுகிற சின்னக் குழு ஒன்றை ஒருங்கிணைத்து வருகிறேன். பாரம் நிரப்பிக் கொடுப்பது, பதிவிலாகாவுக்குக் கூட்டிப் போவது, மூடிப்போன தோட்டத்து ஆட்களைத் தேடிப் பிடித்துச் சாட்சி வாங்குவது, வக்கீல் பார்ப்பது என்று எல்லா வேலையும் எங்கள் தலையில்தான். மொத்தம் ஆறு பேர். ஆளுக்கு நாற்பது கோப்புக்குக் குறையாது. போன வருடம் இரண்டு பேர் விலகிவிட்டார்கள். ஒருத்தி சொல்லிவிட்டுப் போனாள். இன்னொருவர் சொல்லவும் இல்லை, ஃபோனும் எடுப்பதில்லை.

புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் வீட்டிலிருந்து கேரம் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அரை மணி நேரம் விளையாடிவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றான். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் எங்கள் மூத்த அண்ணன், தோட்டத் தொழிற்சங்கத்தில் முப்பது வருடம் பழம் தின்று கொட்டை போட்டவர், பலகையைப் பார்த்ததும், “ஏம்மா, சனங்க வெளியில அழுதுக்கிட்டு நிக்குது, நாம உள்ள காய் தட்டிக்கிட்டு இருக்கிறதா? வேலை முடியட்டும், அப்புறம் விளையாடலாம்” என்றார். அதற்குமேல் யாரும் வாய் திறக்கவில்லை. பலகை அலமாரிக்குப் பின்னால் போய்விட்டது.

இதற்கு முன் நிதி கொடுத்தவர்கள் பத்து பெரிங்கி கடற்கரையில் ஒரு ஹோட்டலில் எங்களுக்காகக் குழு உணர்வுப் பட்டறை நடத்தினார்கள். பலூன் ஊதினோம், கயிறு இழுத்தோம், ஒரே நிறத்தில் டீசட்டை போட்டுக்கொண்டு படம் எடுத்தோம். திரும்பி வரும்போது வேனில் எல்லாரும் தூங்கிவிட்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாரத்துக்கு மூன்று முறை வந்து “என் பேரனுக்கு ஐசி (அடையாள அட்டை) வந்துருச்சா?” என்று கேட்கிற ஒரு பாட்டி இருக்கிறார். போன மாதம் எங்களில் ஒருவர் அவர் நடையையும் குரலையும் அப்படியே செய்துகாட்டினார். வயிறு வலிக்கச் சிரித்தோம். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் அண்ணன் மகள் பிறந்தநாளுக்குப் போனபோதும் பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடுவதைப் பார்த்து, ‘இவளுக்குப் பத்திரம் எல்லாம் சரியாக இருக்கிறது’ என்றுதான் மனதில் ஓடியது.

அண்ணன் சொல்வது சரியா? சரியில்லை என்றால், எப்படி ஆரம்பிப்பது? ஆண்டறிக்கையில் இதையும் ஒரு நடவடிக்கையாக எழுதலாமா?

– பெயர் வேண்டாம், பட்டர்வொர்த்

---

அன்புச் சகோதரிக்கு,

விளையாடலாம். அண்ணன் கேட்ட கேள்வியில் நியாயம் இருக்கிறது. அவர் சொன்ன தீர்ப்பில்தான் எனக்கு உடன்பாடு இல்லை.

“வேலை முடியட்டும்” என்கிறாரே, உங்கள் வேலை என்றைக்கு முடியும்? மலேசிய அரசியலமைப்பின் 15ஏ பிரிவின்கீழ் குடியுரிமை கேட்டு மனுப் போட்டுவிட்டு வருடக்கணக்காகக் காத்துக் கிடக்கிற பிள்ளைகள் உங்களிடம் இருப்பார்கள். வயது வரம்பைத் தாண்டிவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும் என்பதால் ஒவ்வொரு கோப்பும் நாள் எண்ணிக்கொண்டிருக்கும். ஒரு வீட்டுக்குக் குடிமக்களுக்கான நீல அட்டை கிடைத்த அன்றைக்கே இன்னும் இரண்டு வீட்டார் வாசலில் வந்து நிற்பார்கள். காரணம் எதுவும் சொல்லாத நிராகரிப்புக் கடிதம் ஒன்று வரும், மறுபடி முதலிலிருந்து தொடங்குவீர்கள். இப்படிப்பட்ட வேலையில் ‘அப்புறம்’ என்று ஒரு நாள் வரப்போவதில்லை. அதைத் தெரிந்துகொண்டே அந்த நாளுக்காகக் காத்திருக்கச் சொன்னால், ஒருவர் பின் ஒருவராக ஃபோன் எடுக்காமல் போவார்கள்.

அண்ணனிடம் இதையெல்லாம் சொல்லி வாதாட வேண்டாம். தோட்டத்துக் கதை கேளுங்கள். விடிவதற்கு முன் பெரட்டுக்கு (காலை ஆள்கணக்குக்கு) நின்று, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டப் போன சனம், சாயங்காலம் திடலில் பந்து விளையாடவில்லையா? திருவிழா வந்தால் கம்பு சுற்றவில்லையா, நாடகம் போடவில்லையா? சம்பளம் உயரட்டும், அப்புறம் பந்தைத் தொடுவோம் என்று எந்தத் தோட்டத்திலும் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. 1980 ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற மலேசியக் குழுவில் கோல் காத்த ‘ஸ்பைடர்மேன்’ ஆறுமுகத்தைப் பற்றி ஒரு வார்த்தை போட்டுப் பாருங்கள். அவர் வயதுக்காரர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டால் பேச்சு நிற்காது. உங்கள் அண்ணனும் விளையாட்டு தெரியாத மனிதராக இருக்க மாட்டார். துக்க வீட்டில் சத்தமாகச் சிரிக்கக்கூடாது என்று பழகியவர். அந்த மரியாதை நல்லதுதான். உங்கள் அலுவலகத்தை வருடம் முழுக்கத் துக்க வீடாக வைத்திருப்பதுதான் தவறு.

இயக்கங்களின் சரித்திரத்திலேயே இதற்குச் சான்று உண்டு. 1968 ஏப்ரல் 4ஆம் தேதி, மார்ட்டின் லூதர் கிங் மெம்ஃபிஸ் நகரில் துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்காகத் தங்கியிருந்தார். நகர நிர்வாகம் ஊர்வலத்துக்கு நீதிமன்றத் தடை வாங்கியிருந்தது. அந்த வழக்குக்காக நீதிமன்றம் போயிருந்த அவருடைய சகா ஆண்ட்ரூ யங் பிற்பகலில் விடுதிக்குத் திரும்பினார். ‘இவ்வளவு நேரம் எங்கே போனாய்?’ என்று கிங் தலையணையை எடுத்து அவரை மொத்த ஆரம்பித்தார். கூட இருந்த பாதிரியார்களும் சேர்ந்துகொள்ள, வளர்ந்த ஆண்கள் எல்லாரும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி தலையணைச் சண்டை போட்டிருக்கிறார்கள். அன்று மாலை ஆறு மணியைத் தாண்டியதும் கிங் சுடப்பட்டார். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்திருந்த மனிதர் அவர். தலையணையைத் தூக்கியதால் அவர் வேலையின் கனம் குறைந்துவிட்டதாக யாராவது சொல்வார்களா?

தென் ஆப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறையிலும் அப்படித்தான். பந்து விளையாட அனுமதி கேட்டு அரசியல் கைதிகள் வருடக்கணக்கில் மனுப் போட்டார்கள். 1960களின் பிற்பாதியில் அனுமதி கிடைத்ததும், சிறைக்குள்ளேயே சங்கம் அமைத்து, அணி பிரித்து, நடுவர்களை நியமித்து, ஃபிஃபா விதிகளின்படி ஆட்டம் நடத்தினார்கள். மண்டேலா இருந்த பிரிவுக்கு மட்டும் அந்தக் கொடுப்பினை இல்லை. அந்தச் சங்கத்துக்கு 2007ல் ஃபிஃபா கௌரவ உறுப்பினர் தகுதி கொடுத்தது. பகலெல்லாம் கல்லுடைத்தவர்கள் சனிக்கிழமை ஆஃப்சைடுக்காகச் சண்டை போட்டிருக்கிறார்கள். இதை அண்ணனிடம் சொல்லுங்கள், தொழிற்சங்கக்காரருக்குச் சட்டவிதி வைத்து ஆட்டம் நடத்தினார்கள் என்பதே பிடித்துப்போகும்.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். போராட்டத்திலேயே விளையாட்டைக் கலப்பதும் உண்டு. 2015ல் கோலாலம்பூர் பேரங்காடி ஒன்றில் அப்போதைய பிரதமர் நஜிப் கலந்துகொண்ட நிகழ்ச்சியில் மாடியிலிருந்து மஞ்சள் பலூன்களை மிதக்கவிட்டார் ஒரு பெண். அடுத்த வருடம் ஓவியர் ஃபாமி ரெசா அதே பிரதமரைக் கோமாளி முகத்தில் வரைந்து வழக்கு வாங்கினார். எனக்கு இரண்டும் பிடிக்கும். ஆனால் அது வெளியாருக்குக் காட்டுவதற்கான விளையாட்டு. அதற்கும் திட்டம் போட வேண்டும், பின்னால் நீதிமன்றம் ஏற வேண்டும். செய்கிறவருக்கு அது இன்னொரு வேலை. நீங்கள் கேட்பது கதவைச் சாத்திக்கொண்டு உங்களுக்குள் விளையாடுவதைப் பற்றி. பதிலும் அதற்குத்தான்.

இனி அந்தப் பிறந்தநாள் விஷயத்துக்கு வருகிறேன். கடிதத்தில் என்னை அதிகம் நிறுத்தி வைத்த இடம் அதுதான்.

ஜாக் பாங்க்செப் என்று ஒரு விஞ்ஞானி இருந்தார், 2017ல் காலமானார். விளையாட்டு என்பது மூளையின் ஆழத்தில், பயமும் கோபமும் இருக்கிற அதே அடுக்கில், தனி அமைப்பாக இருக்கிறது என்று வாழ்நாள் முழுக்க ஆராய்ச்சி செய்தவர். அவரிடம் எலிகள் இருந்தன. எலிக்குட்டிகள் கட்டிப் புரண்டு விளையாடும்போதும், கையால் கிச்சுக்கிச்சு மூட்டினாலும், மனிதக் காதுக்கு எட்டாத உச்ச ஒலியில், 50 கிலோஹெர்ட்ஸ் அளவில், கீச்சிடும் என்று அவருடைய குழு கண்டுபிடித்தது. கருவி வைத்துத்தான் அந்தச் ‘சிரிப்பை’ கேட்க முடியும்.

அவர் செய்த இன்னொரு சோதனைதான் உங்களுக்கானது. விளையாடிக்கொண்டிருக்கும் எலிக்குட்டிகளின் கூண்டில் கொஞ்சம் பூனை முடியைப் போட்டார். அந்தக் குட்டிகள் பூனையைக் கண்ணால்கூடப் பார்த்தது கிடையாது. ஆனாலும் விளையாட்டு அப்படியே நின்றுவிட்டது. முடியை எடுத்துவிட்ட பிறகும் பல நாள் அவை பழையபடி விளையாடவில்லை.

அண்ணன் மகள் ஓடி விளையாடும்போது உங்களுக்குப் பத்திரம் ஞாபகம் வந்ததே, அதற்குக் காரணம் மனக்கோளாறோ கல்நெஞ்சோ கிடையாது. உங்கள் கூண்டில் பூனை முடி கிடக்கிறது. கேரம் பலகையை வெளியே எடுப்பதற்கு முன் அது என்ன, எங்கே கிடக்கிறது என்று பாருங்கள். உங்கள் கடிதத்தை வைத்து என்னால் ஊகிக்க முடிவது வாட்ஸ்அப். குடும்பங்கள் எல்லாருக்கும் உங்கள் சொந்த நம்பர் போயிருக்கும். இரவு பதினொரு மணிக்கு ‘அக்கா, போலீஸ் என் மகன நிறுத்திட்டாங்க’ என்று ஒரு குரல் பதிவு வரும். அது வராத இரவுகளிலும் வருமோ என்று காது திறந்தே இருக்கும். அப்படி இருக்கிற உடம்பை அரை மணி நேரம் விளையாடு என்றால் அது விளையாடாது, விளையாடுகிற மாதிரி நடிக்கும். ஆகவே முதலில் அவசரத்துக்கென்று தனியாக ஒரு ஃபோன் வாங்குங்கள். வாரத்துக்கு ஒருவர் முறை வைத்து வைத்திருக்கட்டும். மற்ற ஐந்து பேரும் இரவு ஒன்பது மணிக்கு மேல் வேலைச் செய்தி எதையும் தொட வேண்டாம். விளையாட்டுக்காக நான் சொல்கிற முதல் காரியம் இதுதான். பார்ப்பதற்கு விளையாட்டு மாதிரியே இருக்காது.

பத்து பெரிங்கி ஹோட்டல் சமாசாரத்தைப் படித்து நான் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். வேனில் தூங்கினார்களே, அந்த நாளில் அவர்களாக விரும்பிச் செய்தது அது ஒன்றுதான். வரமாட்டேன் என்று சொல்ல முடியாத இடத்தில் விளையாட்டு இல்லை. யார் எவ்வளவு உற்சாகமாக இருக்கிறார்கள் என்று நிதி கொடுத்தவர் பார்த்துக்கொண்டிருந்தால், உற்சாகமே அன்றைய வேலையாகிவிடுகிறது. தம்பி கொண்டுவந்த பலகைக்கும் அந்தக் கயிற்றுக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கே தெரிந்திருக்கிறது. இல்லாவிட்டால் ‘எனக்குச் சந்தோஷம்தான்’ என்று எழுதியிருக்க மாட்டீர்கள்.

அந்தப் பாட்டி.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பேசுவோம். பிணவறை ஊழியர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர், தாதியர், தீயணைப்பு வீரர் என்று கஷ்டத்தை நெருக்கமாகப் பார்க்கிற எல்லாரிடமும் ஒரு கறுப்புச் சிரிப்பு உண்டு. வெளியாள் கேட்டால் பதறுவார். அது இருப்பதால்தான் மறுநாள் வேலைக்குப் போக முடிகிறது. அதனால் சிரித்ததற்காக உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற மாட்டேன். நான் பார்ப்பது, சிரிப்பு யாரைக் குத்துகிறது என்பதைத்தான். ஒரே பாரத்தை நான்கு முறை கேட்கிற முகப்பை, ‘கணினி வேலை செய்யவில்லை, நாளைக்கு வாங்க’ என்ற வாசகத்தை, நகல் எடுத்து எடுத்தே தேய்ந்துபோன உங்கள் சொந்த மூஞ்சியை நடித்துக்காட்டுங்கள், தாராளமாகச் சிரியுங்கள். அது மேலே போகிற சிரிப்பு, அல்லது உங்கள் மேலேயே விழுகிற சிரிப்பு. பாட்டியை நடித்துக்காட்டியது கீழே போன சிரிப்பு.

வேலைக் களைப்பை ஆராய்ந்த கிறிஸ்டினா மாஸ்லாக் அதற்கு மூன்று முகம் உண்டு என்றார். ஒன்று, மனம் வற்றிப்போவது. இரண்டு, நாம் உதவுகிற ஆட்கள் மனிதர்களாகத் தெரியாமல் நச்சரிப்பாகத் தெரிவது. மூன்று, என்ன செய்து என்ன பயன் என்ற எண்ணம். பாட்டியைப் பார்த்துச் சிரித்த அன்று உங்கள் குழுவில் அந்த இரண்டாவது முகம் எட்டிப் பார்த்திருக்கிறது. உங்களுக்குத் தூக்கம் வரவில்லை என்பது நல்ல செய்தி, அது இன்னும் உங்களைப் பிடிக்கவில்லை. நடித்துக்காட்டியவரைத் தனியாகக் கூப்பிட்டுத் திட்டாதீர்கள். பாட்டியின் கோப்பை ஒரு மாதத்துக்கு அவரிடமிருந்து வாங்கி வேறு ஒருவரிடம் கொடுங்கள். அவருக்குத் தேவை ஓய்வு. பாட்டியிடமும் ‘செவ்வாய்க்கிழமை நானே ஃபோன் செய்கிறேன்’ என்று சொல்லி, செவ்வாய்க்கிழமை தவறாமல் ஃபோன் செய்யுங்கள், செய்தி ஒன்றும் இல்லாவிட்டாலும். பாதிப் பேர் ஓயாமல் வருவது தன்னை மறந்துவிடுவார்களோ என்ற பயத்தில்தான்.

விளையாட்டால் ஆகாத காரியத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் உங்களை ஏமாற்றியவளாவேன். ஆறு பேருக்கு இருநூற்று நாற்பது கோப்பு என்பது கேரம் விளையாடித் தீர்க்கிற கணக்கு இல்லை. 1974ல் நியூயார்க்கில் இலவச கிளினிக் ஒன்றில் உழைத்தவர்கள் எப்படிக் கருகிப்போகிறார்கள் என்று எழுதியவர் உளவியலாளர் ஃபிராய்டன்பெர்கர். சோம்பேறிகளைவிட அர்ப்பணிப்பு உள்ளவர்களே முதலில் விழுகிறார்கள் என்பதை அவர் அப்போதே கவனித்திருந்தார். உலகச் சுகாதார நிறுவனமும் 2019ல் இதை நோயாகச் சேர்க்காமல், சமாளிக்கப்படாத வேலை நெருக்கடியின் விளைவாகத்தான் வகைப்படுத்தியது. அப்படியானால் மாற வேண்டியது வேலை. புதுக் கோப்பு வாங்குவதற்கு மாதத்துக்கு ஓர் எல்லை வையுங்கள். எல்லை தாண்டி வருகிறவர்களை வேறு அமைப்புகளிடம் அனுப்புங்கள். அது வலிக்கும், வலிக்கட்டும். இப்போதும் நீங்கள் எல்லாரையும் கவனிப்பதாகச் சொல்ல முடியாது, இருநூற்று நாற்பது பேரைக் காக்க வைத்திருக்கிறீர்கள். வாரத்தில் அரை மணி விளையாடவிட்டால் இன்னும் பத்துக் கோப்பு கூடுதலாகப் பார்ப்பார்கள் என்று யாராவது உங்களிடம் கணக்குச் சொன்னால் நம்பாதீர்கள், அந்தக் கணக்கோடு பலகையை எடுக்கவும் செய்யாதீர்கள்.

சரி, எப்படி ஆரம்பிப்பது?

சின்னதாக. வெள்ளிக்கிழமை அரை மணி என்று தம்பி சொன்னதே சரியான அளவு. முன் கதவைப் பூட்டி, கடைசிக் குடும்பம் போன பிறகு தொடங்குங்கள். இதில் அண்ணன் சொல்வதை அப்படியே ஏற்கிறேன்: பெஞ்சில் அழுகிற தாய்க்கு உள்ளே கேட்கிற சிரிப்பு நெருப்பு. ஃபோன்கள் ஒரு கூடையில், அந்த வாரத்து அவசர ஃபோன் மட்டும் வெளியே. பரிசு வேண்டாம், படம் வேண்டாம், வருகைப் பதிவு வேண்டவே வேண்டாம். விளையாட விரும்பாதவர் தே தாரிக் குடித்துக்கொண்டு பக்கத்தில் உட்காரலாம், அல்லது வீட்டுக்குப் போகலாம். அடுத்த வாரம் அவரை யாரும் ‘ஏன் போனீங்க?’ என்று கேட்கக்கூடாது. அண்ணனுக்கும் இதே விதிதான். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் உட்காரட்டும். கேரம் தெரிந்த ஆள் பக்கத்தில் உட்கார்ந்தால், ‘ரெட்ட இப்ப தொடாத, ஃபாலோ போட காயில்ல’ என்று சொல்லாமல் இருக்க முடியாது.

விளையாட்டை நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள். முறை வைத்து ஆளுக்கு ஒரு வாரம் விட்டுவிடுங்கள். பாங்க்செப்பின் எலிகளிடம் இன்னொரு பாடமும் உண்டு. இரண்டு குட்டிகள் மல்லுக்கட்டும்போது பெரியதே எப்போதும் ஜெயித்துக்கொண்டிருந்தால், சின்னது விளையாடக் கூப்பிடுவதையே குறைத்துவிடும். குழுவில் நீங்கள்தான் பெரிய எலி. கூட்டத்தில் கடைசி வார்த்தை உங்களுடையது, கையெழுத்து உங்களுடையது. ஒருங்கிணைப்பாளர் தோற்கிற ஓர் இடம் வாரத்தில் ஒரு முறையாவது இருக்கட்டும். வேண்டுமென்றே விட்டுக்கொடுக்காதீர்கள், இளவட்டங்கள் உடனே கண்டுபிடித்துவிடும். உங்களுக்கு உண்மையிலேயே வராத ஆட்டத்தில் இறங்குங்கள், போதும். அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்க வருகிற அக்காவையும் கூப்பிடுங்கள். அவர் பல்லாங்குழியில் உட்கார்ந்தால் படித்தவர்கள் எல்லாரும் காலி. குழியில் நான்கு புளியங்கொட்டை சேர்ந்ததும் ‘பசு’ என்று அள்ளிக்கொண்டு போவார், நீங்கள் பார்த்துக்கொண்டே இருப்பீர்கள். ஐந்தாங்கல்லுக்குக் கல் பொறுக்கக்கூட வேண்டாம், அரிசியைச் சின்னத் துணிப்பையில் தைத்து மலாய்ப் பிள்ளைகள் ‘பத்து செரம்பான்’ என்கிற கல்லாட்டம் ஆடுகிற மாதிரி செய்துகொள்ளலாம். உங்களிடம் வருகிற பிள்ளைகள் பதிவிலாகாவில் காத்திருக்கும்போது விளையாட ஒரு செட்டு கூடவே இருந்தால் நல்லதுதான்.

உட்கார்ந்து ஆடப் பிடிக்காதவர்களுக்கு இன்னொன்று சொல்கிறேன். பிரேசில் ராணுவ ஆட்சியில் சிறைப்பட்டு, பிறகு நாடு கடந்து வாழ்ந்த நாடகக்காரர் அகஸ்டோ போவால் ஒடுக்கப்பட்டவர்களோடு வேலை செய்வதற்காகத் தொகுத்த பயிற்சி விளையாட்டுகளில் இதுவும் ஒன்று. ஒருவர் தன் உள்ளங்கையை இன்னொருவர் முகத்துக்கு நேரே ஒரு சாண் தள்ளிப் பிடிக்க வேண்டும். கை எங்கே போனாலும் முகம் அதே தூரத்தில் பின்னாலேயே போக வேண்டும். கை தாழ்ந்தால் குனிய வேண்டும், சுழன்றால் சுழல வேண்டும். இரண்டு நிமிடம் கழித்து ஆள் மாற்றம். தம்பியின் உள்ளங்கைக்குப் பின்னால் நீங்கள் மேசையைச் சுற்றித் தவழ்வதை மற்றவர்கள் பார்க்கட்டும். அண்ணனுக்கு முழங்கால் வலி இருந்தால் இதில் இழுத்துவிடாதீர்கள்.

பலகையும் காயும் இல்லாமலும் விளையாடலாம். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போகிற வழியில் தண்ணீர்ப் பந்தலில் நிற்கிற பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். இரவு முழுக்கத் தூங்காமல் வெங்காயம் உரித்து, மோர் கலக்கி, பாட்டுக்கு ஆடி, ஒருவர் தலையில் ஒருவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வேலை செய்வார்கள். உடம்பு ஓய்ந்திருக்கும், முகம் மலர்ந்திருக்கும். ஆனால் பந்தலை மூன்றாம் நாள் பிரித்துவிடுவார்கள். உங்களுக்கு அந்த வசதி இல்லை. ஆகவே இடையிடையே நீங்களாகப் பந்தலைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரு சனிக்கிழமை வேலை ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் ஆறு பேரும் ஃபெர்ரி ஏறி பினாங்குத் தீவுப் பக்கம் வாருங்கள். பாடாங் கோத்தா லாமா திடலில் கடல் காற்று இலவசம், பட்டம் சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும். ஒரே விதி: கோப்பைப் பற்றிப் பேசுகிறவர் எல்லாருக்கும் செண்டோல் வாங்கித் தர வேண்டும். முதல் முறை எல்லாருமே செண்டோல் வாங்கித் தருவீர்கள்.

உங்களைப் பற்றி. தூக்கம் ஓர் இரவு கெட்டதா, பல வாரமாகக் கெட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. முன்பு பிடித்திருந்த எதிலும், சாப்பாடு, பாட்டு, பிள்ளைகள் உட்பட, இரண்டு வாரத்துக்கு மேல் மனம் ஒட்டாமலே இருந்தால், அதை வேலைக் களைப்பு என்று தள்ளிவிடாமல் பக்கத்து அரசாங்க கிளினிக்கில் மருத்துவரைப் பாருங்கள். யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் சுகாதார அமைச்சின் ஹீல் உதவித் தொலைபேசி 15555 இருக்கிறது. விலகிப்போன அந்த இரண்டு பேருக்கும் ஒரு செய்தி அனுப்புங்கள். திரும்பி வாருங்கள் என்று கேட்க வேண்டாம், பட்டம் விடுகிற சனிக்கிழமைக்குக் கூப்பிட்டால் போதும்.

ஆண்டறிக்கையில் எழுதலாமா என்று கேட்டீர்கள். எழுதாதீர்கள். எழுதினால் அடுத்த வருடம் எத்தனை பேர் பங்கேற்றார்கள், என்ன முன்னேற்றம் என்று இரண்டு கட்டம் போட்டு அனுப்புவார்கள், அதை நிரப்ப நீங்கள் ஆளைப் பிடித்து விளையாட வைப்பீர்கள். அவசர ஃபோனும் கோப்பு எல்லையும் மட்டும் அறிக்கையில் இருக்கட்டும், அவற்றுக்கு நிதி கேளுங்கள். கேரம் பவுடர் தம்பி வாங்கிக்கொள்வான்.